பேச்சு வராத பிள்ளை: காதுச் சோதனையிலிருந்து அங்கன்வாடி வரை

பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, நாலு வார்த்தை கூட வரலை என்று தாய் கவலைப்பட்டால், கொங்குப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "அவங்கப்பனே மூணு வயசு தாண்டித்தான் பேசுனான், விடு கண்ணு." சில பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கி, பிறகு மற்றவர்களை எட்டிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் தானாகப் பேசப்போகும் பிள்ளை, காது கேட்காத பிள்ளை, ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேச்சும் வேறுவிதமாக வளரும் நிலை) உள்ள பிள்ளை ஆகிய மூவரும் ஒன்றரை வயதில் வீட்டாருக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பிரித்துச் சொல்லப் பரிசோதனை வேண்டும். மொழி பிடிபடுவதற்கு முதல் மூன்று வருடங்கள்தான் முக்கியம். அதில் ஒரு வருடத்தைப் பொறுத்துப் பார்ப்பதிலேயே கழித்துவிட்டுப் பிறகு ஓடும் குடும்பங்கள் இங்கே ஏராளம். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், செலவு ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான்.

எப்போது கிளம்ப வேண்டும்

12 மாதத்தில் 'பாபா', 'தத்தா' என்ற மழலைச் சத்தம் இல்லை, டாட்டா காட்டவில்லை, வேண்டியதை விரலால் சுட்டவில்லை என்றால் கிளம்ப வேண்டும். 16 மாதத்தில் பொருளோடு சொல்லும் ஒரு வார்த்தை கூட இல்லை என்றால் கிளம்ப வேண்டும். 24 மாதத்தில் 'பால் வேணும்', 'அப்பா வா' என்பதுபோல் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றாலும் அப்படியே. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், டிவி விளம்பரத்தை அப்படியே ஒப்பிப்பதும் இந்தக் கணக்கில் சேராது.

இவற்றையெல்லாம் விட அவசரமானது ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், டாட்டா காட்டிய கை காட்டாமல் போனால், வயது எதுவானாலும் அந்த வாரத்திலேயே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே திடீரென்று வெறித்துப் பார்ப்பது, தூக்கத்தில் கை கால் வெட்டி இழுப்பது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். வலிப்பு நோயிலும் சொற்கள் போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்திருந்தால் இரண்டு மாதம் கழிக்க வேண்டும். இன்று 14 மாதம் என்றால் 12 மாதப் பிள்ளையாகப் பார்க்க வேண்டும். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்ற சமாதானத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டாம். ஆண், பெண் வித்தியாசம் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள். ஒரு வருட இடைவெளியை அது விளக்காது.

வீட்டில் பார்க்க வேண்டியதும் படம் பிடிக்க வேண்டியதும்

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணுக்குப் படாமல் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கை தட்டாதீர்கள், தரையைத் தட்டாதீர்கள். மூன்று முறையில் எத்தனை முறை திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பிள்ளையைத் தொடாமல் ஜன்னல் பக்கம் விரல் நீட்டி "அதோ பாரு, காக்கா" என்று சொல்லுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை உங்கள் விரலை அல்ல, விரல் காட்டும் திசையைப் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளையே ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வேண்டிய பொருளுக்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வேறு. "அங்க பாரு" என்று பகிர்ந்துகொள்ளச் சுட்டுவது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை அழும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு உட்காரும். பத்து நிமிடத்தில் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. அதனால் போனில் நான்கு துண்டு வீடியோ எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றும் ஒன்று இரண்டு நிமிடம் போதும்: தனியாக விளையாடுவது, நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவது, சோறு உண்பது, மற்றப் பிள்ளைகளோடு இருப்பது. முகம் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வினோதமாகத் தெரியும் பழக்கம், அதாவது கை உதறுவது, சக்கரத்தையே சுற்றிவிட்டுப் பார்ப்பது, நுனிக்காலில் நடப்பது இருந்தால் அதையும் எடுங்கள். மறைக்க இதில் எதுவும் இல்லை. ஒரு நோட்டில் பிள்ளை சொல்லும் எல்லாச் சொற்களையும் எழுதுங்கள்; 'தண்ணி'க்கு 'ண்ணி' என்று சொன்னாலும் அது ஒரு சொல்தான்.

16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. ஆட்டிசம் இருக்க வாய்ப்புண்டா என்று சலித்துப் பார்க்க மட்டுமே அது. மதிப்பெண் 3 முதல் 7 என்றால் மேலும் கேட்டுத் தெளிய வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அந்த எண்ணை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் காது

எந்த வரிசையில் போனாலும் காதுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. "பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா ஓடி வருவானே, காது நல்லாத்தான் கேக்குது" என்பதை நம்பிப் பல பிள்ளைகளுக்கு வருடங்கள் போயிருக்கின்றன. சில சுருதிகள் கேட்டு, பேச்சுக்கு வேண்டிய சுருதிகள் கேட்காமல் இருக்கலாம். தட்டு விழுந்தால் திரும்புவது தரை அதிர்வை உணர்ந்துகூட இருக்கலாம். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. உறவில் கல்யாணம் செய்த பெற்றோர், பிறந்தவுடன் மஞ்சள்காமாலை கடுமையாக இருந்த பிள்ளை, பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை என்றால் காதுச் சோதனை கட்டாயம்.

சோதனை இரண்டு. ஓ.ஏ.இ. என்பது உட்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது; காதில் சின்னக் குழாயை வைத்துச் சில நிமிடத்தில் முடியும். காதில் அழுக்கோ நீரோ இருந்தால் சரியாகக் கேட்கும் பிள்ளைக்கும் 'ரெஃபர்' (மேலும் சோதிக்க வேண்டும்) என்று வரும். அதைச் சரிசெய்து மறுபடி எடுக்க வேண்டும். மாறாக, உட்காது நன்றாக இருந்து செவி நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. 'பாஸ்' காட்டிவிடும். அதனால் பேச்சு வராத பிள்ளைக்கு ஓ.ஏ.இ.யோடு நிறுத்தாமல், ஒலி செவி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் கேளுங்கள்.

பெரா எடுக்கப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இதற்கான தயாரிப்பை யாரும் ஒழுங்காகச் சொல்லி அனுப்பாததால், பல பிள்ளைகள் தூங்காமல் திரும்பி வந்து, அடுத்த தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. முந்தின ராத்திரி வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகத் தூங்க வையுங்கள். காலையில் விடியும் முன் எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்க விடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ கோவைக்கு வரும் ஒரு மணி நேரத்தில் பிள்ளை ஒரு தூக்கம் போட்டுவிட்டால் அன்றைய சோதனை போச்சு. இன்னொருவர் கூட வந்து வழியெல்லாம் விளையாட்டுக் காட்டினால் நல்லது. தலைக்கு முந்தின நாளே சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் கம்பிகள் எண்ணெய்ப் பசையில் பிடிக்காது. பவுடர், மை, நெற்றிப்பொட்டும் வேண்டாம். பால் பாட்டிலோ தாய்ப்பாலோ சோதனை அறைக்குப் போகும் வரை தள்ளி வையுங்கள், குடித்தபடியே தூங்கிவிடும். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சளி மருந்து கொடுத்துத் தூங்கவைத்துக் கொண்டுவருவது ஆபத்து, செய்யாதீர்கள். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றுங்கள்.

கேட்பில் குறை தெரிந்தால் காதுக் கருவியைத் தாமதிக்காமல் மாட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் காது வளர்ந்துகொண்டே இருப்பதால், கருவியைக் காதில் பொருத்தும் அச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும். கருவி 'கீ' என்று கத்தினால் பெரும்பாலும் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள், கருவி கெட்டதாக நினைத்துக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கருவியாலும் பலன் இல்லாத கடுமையான குறைக்குக் உட்காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் உள்வைப்பு அறுவை சிகிச்சை உண்டு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இது கிடைக்கும். ஆனால் பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் செய்தால்தான் பேச்சில் முழுப் பலன். ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லையே தவிர, அதுவரை பொறுக்கலாம் என்ற அனுமதி அல்ல.

காதோடு சேர்த்து ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: டி.எஸ்.எச். என்ற தைராய்டு சோதனை. தைராய்டு குறைவு வளர்ச்சியை மந்தமாக்கும். தினமும் ஒரு மாத்திரையில் சரிசெய்யக் கூடியது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு ஆண்டுதோறும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். இதயத்துக்கு எக்கோவும் எடுத்திருக்க வேண்டும்.

எங்கே போவது

நேரே போக வேண்டிய இடம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம். ஊழியர்கள் டி.இ.ஐ.சி. என்பார்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய, பிள்ளைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. என்ற உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் நடப்பது. குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு, கட்டணம் இல்லை. இதே திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டோடு போனால் வேலை எளிது. அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நேராகவே போகலாம். தாளவாடி, பர்கூர், வால்பாறை மாதிரித் தூரத்து ஊர்க்காரர்கள் பேச்சுப் பயிற்சியாளர் எந்தக் கிழமைகளில் இருக்கிறார் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சில மையங்களில் எல்லாப் பணியிடங்களும் நிரம்பியிருக்காது.

உள்ளே போனதும் "பேச்சு வரலைங்க" என்பதோடு நிறுத்தாமல், நோட்டைக் காட்டி, எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் எப்போது என்று சொல்லுங்கள். துணையில்லாமல் நடப்பது 18 மாதத்தையும் தாண்டியிருந்தால் அதை அழுத்திச் சொல்லுங்கள். பேச்சு மட்டும் தாமதமா, எல்லா வளர்ச்சியும் தாமதமா என்பதைப் பிரிக்க அது வேண்டும்.

நோயின் பெயர் எழுதிக் கொடுக்கச் சில மாதம் ஆகலாம். பயிற்சி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆட்டிசமோ, அறிவுத்திறன் குறைபாடோ, வெறும் பேச்சுத் தாமதமோ, முதல் மூன்று மாதத்துக்கு வீட்டில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

வீட்டுப் பயிற்சி

வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதால் மட்டும் பேச்சு வராது. அவர் காட்டிக்கொடுப்பதை வீட்டில் தினமும் செய்தால்தான் வரும். இதற்குத் தனி விளையாட்டுச் சாமான்கள் வேண்டாம். தினமும் நடக்கும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தவை, அதாவது அவித்த இட்லியை நூலாகப் பிழியும் வேலையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையை எதிரே, உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி உட்கார வையுங்கள்; சூடான இட்லியும் ஆவியும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சந்தவை அச்சில் இட்லியை வைத்து 'அமுக்கு' என்று சொல்லி அமுக்குங்கள். நூல் விழும்போது 'வருது'. நிறுத்துங்கள். மறுபடி 'அமுக்கு', 'வருது'. நான்கு ஐந்து முறை இப்படியே செய்துவிட்டு, அடுத்த முறை கையை மேலே வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சும்மா இருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். மூன்று எண்ணுவதற்குள் "சொல்லு, சொல்லு சாமி" என்று வாய் வந்துவிடும். பேசாமல் இருங்கள். பிள்ளை உங்களைப் பார்த்தாலோ, கையைத் தள்ளினாலோ, 'ம்' என்றாலோ அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு உடனே 'அமுக்கு!' என்று சொல்லி அமுக்கிக் காட்டுங்கள். சத்தம் எழுப்பினால் வேலை நடக்கிறது என்ற தொடர்பு புரிவதுதான் முதல் படி. சுத்தமான உச்சரிப்பு பிறகு வரும்.

இதையே குளிக்கும்போது 'ஊத்து' என்றும், கதவருகில் 'திற' என்றும், ஊஞ்சலில் 'ஆட்டு' என்றும் செய்யலாம். ஒரு வாரத்துக்கு ஐந்தாறு சொற்கள் போதும். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பாரு 'தண்ணி', அம்மா 'வாட்டர்' என்றால் பிள்ளைக்கு இரட்டை வேலை.

பிள்ளை ஒரு சொல் சொன்னால், நீங்கள் ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். 'பால்' என்றால் 'பால் வேணும்'. 'பால் வேணும்' என்றால் 'அம்மா, பால் வேணும்'. அதற்கு மேல் நீட்ட வேண்டாம். "இது என்ன? இது என்ன கலர்?" என்ற கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதன் பெயரை நீங்களே சொல்லுங்கள். பிடித்த பொரியையோ பிஸ்கட்டையோ இறுக மூடிய கண்ணாடி போல் தெரியும் டப்பாவில், கண்ணுக்குத் தெரிய, கைக்கு எட்டாமல் வையுங்கள். கேட்க ஒரு காரணம் கிடைக்கும். அழ வைத்துத்தான் கொடுப்பேன் என்ற பிடிவாதமாக அது மாறிவிடக் கூடாது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழு நிலக்கடலை வேண்டாம், புரையேறும்.

கைச்சைகையோ படமோ காட்டிப் பழக்கினால் பிள்ளை சோம்பேறியாகி வாய் திறக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். அது நடப்பதில்லை, தன்னைப் புரியவைக்க ஒரு வழி கிடைத்த பிள்ளைக்கு அலறலும் கடியும் குறைகிறது, பேச்சு வருவதும் எளிதாகிறது. தட்டு, டம்ளர், வண்டி, கக்கூஸ் ஆகிய நான்கின் போட்டோவை உள்ளங்கை அளவுக்கு எடுத்துக் கதவில் ஒட்டித் தொடங்குங்கள்.

தறிச் சத்தம், போன், ரெண்டு மொழி

குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் வீட்டோடு தறி ஓடும் குடும்பங்கள் நிறைய. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச முடியும்; அந்தச் சத்தத்தில் சின்னக் காதுக்குப் பேச்சு தனியாகப் பிரிந்து கேட்காது. மின்சாரம் நிற்கும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம், சாப்பாட்டு நேரம் எதுவோ, தறி நின்றிருக்கும் அரை மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தொட்டிலைத் தறிக்கூடத்துக்குள் கட்டாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் அது அடம் அல்ல, அந்தச் சத்தம் அதற்கு உண்மையிலேயே வலி.

மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் அம்மா அப்பா இருவரும் போகும் வீட்டில் போன்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் திரை வேண்டாம், அதன்பின் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்று யாரும் தாயைக் குற்றம் சாட்ட வேண்டாம். அது பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமைவது. தாய் வேலைக்குப் போனதாலோ, தடுப்பூசி போட்டதாலோ வருவதில்லை. போன் கெடுப்பது, பேசிப் பழக வேண்டிய நேரத்தை.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்களும், திருப்பூரில் வேலைக்கு வந்த இந்தி, ஒடியா குடும்பங்களும் "ரெண்டு மொழியில குழம்பிட்டான், ஒண்ணை நிறுத்துங்க" என்ற அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். இரண்டு மொழியால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தாய்க்கு எது சரளமோ அதிலேயே பேசட்டும். சொல் எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

காசும் காலமும் போகும் வழிகள்

நாக்கைச் சுரண்டுவது, வசம்பு தேய்ப்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது எதுவும் பேச்சைக் கொண்டுவராது. கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை. அதை நம்பிக் காதுச் சோதனையைத் தள்ளினால்தான் கெடுதல். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவவே கூடாது. நாக்குக்கு அடியில் தசை ஒட்டியிருப்பதை வெட்டினால் பேச்சு வரும் என்பதும் பெரும்பாலும் ஏமாற்றமே. அது சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், பேச்சே வராமல் செய்யாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள்; தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாக்கிவிட்டது. "ஆறு மாசத்துல நார்மல் ஆக்கிடறோம்" என்று எழுதிக்கொடுக்கும் எந்த மையமும் நம்பத்தக்கதல்ல. நல்ல தெரபிஸ்ட் உங்களை உள்ளே உட்காரவைத்துச் செய்துகாட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு உங்களை வெளியே நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள்.

அட்டையும் அங்கன்வாடியும்

குறைபாடு உறுதியானால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ பதியுங்கள். பிள்ளையின் ஆதார், போட்டோ, மருத்துவச் சீட்டுகள் வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகையில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், கேட்புக் குறை, அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் தொடங்கும். சின்னப் பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள்; முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் அதில் இடம் உண்டு, ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அட்டை போட்டால் பேர் கெட்டுவிடும், நாளைக்கு அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அதை மறைக்கும் வீடுகள் உண்டு. அட்டையை நீங்களாகக் காட்டினாலொழிய ஊருக்குத் தெரியப்போவதில்லை. மறைத்தால் இழப்பது பிள்ளையின் உரிமையை மட்டும்தான்.

அங்கன்வாடிக்குப் "பேச்சு வந்தப்புறம் அனுப்பறோம்" என்று நிறுத்தி வைக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதே பயிற்சி. முதல் வாரம் அரை மணி நேரம் உடனிருந்து, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள், கக்கூஸ் வந்தால் காட்டும் சைகை, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், அலறினால் எப்படி அமரும் என்பதை ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் பதியுங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் அவர்கள் வழியாகத்தான். குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியாவது சேர்க்க மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தேதியோடு நீங்களே எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.